நிழல் மடியில் விழ வேண்டும்

"மாப்பிள்ளை, இந்தப் போட்டோவுக்கு யாரோ காதை அறுத்திருக்காங்க," என்றார் என் மாமியார்.

நான் எட்டிப் பார்த்தேன். அவருடைய மேஜையை முழுசாக மூடும் அளவுக்குப் பெரிதாக்கிய கறுப்பு வெள்ளைப் படம். வானத்திலிருந்து எடுத்தது. சாம்பல் பூசிய மாதிரி வெறும் தரை, நடுவே இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை ஒரு கோடு. அவ்வளவுதான்.

"முகமே இல்லையே அத்தை, காது எங்கேர்ந்து வரும்?"

"வாயை மூடிட்டுக் கண்ணைத் திறங்க. ரெண்டும் ஒரே நேரத்துல திறந்திருந்தா உங்களுக்கு வேலை ஓடாது."

என் மாமியார் முப்பது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம் பிடித்தவர். ஓய்வு பெற்ற மறுநாளே வீட்டு மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்துவிட்டார். நான் தையல் மெஷின் விற்ற கம்பெனி மூடிப்போனதும், மகளின் கணவன் சும்மா உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்கச் சகிக்காமல் என்னை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். மாமியாரிடம் சம்பளமில்லாமல் வேலை பார்க்கும் மருமகள்கள் உலகத்தில் கோடிப் பேர். சம்பளம் வாங்கிக்கொண்டு திட்டும் வாங்கும் மருமகன் நான் ஒருவன்தான்.

எதிர் நாற்காலியில் தேன்காரம்மா உட்கார்ந்திருந்தார். முப்பத்தாறு வயது. நாற்பது தேனீப் பெட்டி வைத்துத் தேன் எடுத்து விற்கிறவர். இடது முழங்கை முழுசாக நீளாமல் லேசாக மடங்கியே இருந்தது.

"இன்னிக்கு ரெண்டு மணிக்கு சர்வேயர் வந்து எல்லைக்குக் குச்சி நட்டுடுவார் மேடம்," என்றார். "அப்பா உயில்ல ஒரே வரிதான் எழுதினார். 'நான் கட்டின சுவருக்கு மேற்கே மகனுக்கு, கிழக்கே மகளுக்கு.' அந்தச் சுவர் ஒரு வெள்ளத்துல இடிஞ்சு, செங்கல்லைக்கூட யாரோ அள்ளிட்டுப் போயிட்டாங்க. என் சமையலறை ஓரமாத்தான் சுவர் இருந்துச்சுன்னு அண்ணன் சொல்றான். அங்கேர்ந்து மேற்கே நாற்பது காலடி எடுத்து வச்சாத்தான் சுவர்னு நான் சொல்றேன்."

"அந்த நாற்பது காலடிக்குள்ள என்ன இருக்கு?"

"என் பெட்டி அத்தனையும் மேடம்."

"நகர்த்தி வச்சுக்கலாமே?" என்றேன் நான்.

தேன்காரம்மா என்னைப் பாவமாகப் பார்த்தார். "கொஞ்ச தூரம் நகர்த்தினா தேனீ பழைய இடத்துக்கே திரும்பி வரும். பெட்டியைத் தேடித் தேடி அங்கேயே சுத்திச் செத்துப்போகும். ரொம்ப தூரம் கொண்டுபோக எனக்கு வேற நிலம் கிடையாது."

அண்ணனுக்கு மரக்கடை. பலகை அடுக்க இடம் வேண்டும். அவர் தரப்பு நிபுணர் ஒருவர் கொண்டுவந்த படம்தான் மேஜை மேல் இருந்தது. முப்பது வருடத்துக்கு முந்தையது. தங்கைக்கு ஒரு நகல் கொடுத்து, 'சுவரை உன் கண்ணாலேயே பார்த்துக்கோ' என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். நானும் பார்த்தேன். பொய் சொல்வானேன், சுவர் மாதிரிதான் இருந்தது. கோட்டின் மேல் ஓரம் வெளிச்சம், கீழ் ஓரம் இருட்டு. தரையிலிருந்து எழும்பி நின்றது.

"கை என்னம்மா ஆச்சு?" என்று அத்தை கேட்டார்.

"சின்ன வயசுல எங்கேயோ விழுந்துட்டேன் மேடம். எங்கேன்னு ஞாபகமில்லை. அண்ணன் தோள்ல போட்டுக்கிட்டு ஓடினது மட்டும் ஞாபகமிருக்கு. வழியெல்லாம் நான் அழலை, அவன்தான் அழுதான்."

அத்தை மூன்று கண்ணாடிகளில் இரண்டாவதை எடுத்து மாட்டினார். ஒன்று படிக்க, ஒன்று தூரம் பார்க்க, ஒன்று பொய்யர்களைப் பார்க்க என்பார். "வானத்துலேர்ந்து அளவுக்கு எடுக்கிற படத்துக்கு ஓரம் உண்டு மாப்பிள்ளை. அதுல கடிகாரம், உயரம், வரிசை எண் எல்லாம் தானா பதிவாகும். அதான் காது. வெள்ளத்துல கோடவுன் அடிச்சுக்கிட்டுப் போச்சுன்னு ஒருத்தன் க்ளெய்ம் போட்டான். கோடவுனே இருந்ததில்லைன்னு இந்தக் காதுதான் எனக்குச் சொல்லிச்சு. இதுல காதும் இல்லை, சுத்தி இருக்கிற உடம்பும் இல்லை. வேணும்கிற துண்டை மட்டும் வெட்டியிருக்காங்க."

படத்தைத் திருப்பினார். பின்பக்கம் ஒரு கம்பெனியின் முத்திரை. அதன் கீழே பென்சிலில் '14 - 207'.

"மணி பத்தே கால். நீங்களும் வாங்கம்மா, கிளம்பலாம்," என்றார்.

விமானப் படக் கம்பெனி மூன்றாம் மாடியில் இருந்தது. லிஃப்டில் 'பழுது' என்ற பலகை தொங்கியது. அந்தப் பலகையே பழுதாகும் வயதில் இருந்தது. படச் சுருள்கள் வைத்திருக்கும் அறையில் குளிர் எலும்பைத் தொட்டது. பஞ்சுக் கையுறை போட்ட ஒரு மனிதர், தகர டப்பாக்களுக்கு நடுவே டப்பாவோடு டப்பாவாக உட்கார்ந்திருந்தார். கம்பெனியில் அவருக்கு ஓட்டைக்காரர் என்று பெயர். இருபத்திரண்டு வருடம் விமானத்தின் தரையில் இருக்கும் ஓட்டை வழியாகப் படம் எடுத்தவராம்.

எங்களை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஸ்டூல் மேல் ஏறி, மேலிருந்து பார்த்தார்.

"நடு வகிடு, ஓரத்துல நரை," என்றார் அத்தையைப் பார்த்து. "நீங்க முன்னாடி வந்ததில்லை." என் தலைக்கு நகர்ந்தார். "உங்களுக்கு உச்சியில கொட்ட ஆரம்பிச்சிருக்கு. வீட்டுல சொன்னாங்களா?"

"சொல்லலை," என்றேன். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆக, குடும்பத்துக்கே தெரிந்திருக்கிறது.

மூலையில் ஒரு பழைய காமிரா நின்றது. துணி துவைக்கும் மெஷினுக்குப் புனல் மாட்டிய மாதிரி இருந்தது. புனலின் அடியில் சாப்பாட்டுத் தட்டளவு கண்ணாடி.

"இதை வச்சா எடுத்தீங்க? பிடிச்சு நிக்க நாலு ஆள் வேணுமே."

"பிடிக்கவே கூடாது தம்பி. தரையில பூட்டி, மூக்கை ஓட்டைக்குள்ள விட்டு, நேரா கீழே பார்க்க வைக்கணும். சாய்ச்சு எடுத்தா அழகா இருக்கும், ஆனா அளக்க முடியாது. நேரா எடுத்தா அவலட்சணமா இருக்கும், ஆனா அளக்கலாம்."

"எங்க கல்யாண போட்டோக்காரர் நேரா எடுத்தும் அவலட்சணமாத்தான் வந்துச்சு."

"மாடலைப் பொறுத்தது அது," என்றார் அத்தை. எண்ணைச் சொன்னார்.

ஓட்டைக்காரர் பதினாலாம் சுருளின் உறையைப் பிரித்து ஒரு சாண் அகலச் சதுரப் படம் ஒன்றை எடுத்தார். 207. அடுத்து 208ஐயும் எடுத்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன.

"ஒரே படத்தை ரெண்டு தடவை எடுத்திருக்கீங்க?"

"ப்ளேன் போயிக்கிட்டே இருக்கும். இந்தப் படத்துல இருக்கிறதுல பாதிக்கு மேல அடுத்த படத்துலயும் வர்ற மாதிரிதான் காமிராவைத் தட்டுவோம்."

"ஃபிலிம் வீணாச்சே!"

"உங்களுக்கு எதுக்கு ரெண்டு கண்ணு? ஒண்ணு வீணா?" என்று கேட்டார் ஓட்டைக்காரர். "ஒரு இடத்தை ரெண்டு இடத்துலேர்ந்து பார்த்தாத்தான் மேடு பள்ளம் தெரியும். பக்கத்துப் பக்கத்துப் படம்தான் எங்க ரெண்டு கண்ணு."

தேன்காரம்மா ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். அறுபடாத காது அங்கே இருந்தது. குட்டிக் கடிகாரம் எட்டு மணி பத்து நிமிடம் காட்டியது. பக்கத்தில் உயரம், நானூற்று ஐம்பது மீட்டர்.

"இந்தக் காமிராவுக்கு லென்ஸ் தூரம் பதினைஞ்சு சென்டிமீட்டர்," என்றார் ஓட்டைக்காரர். "உயரத்தை அதால வகுத்துப் பாருங்க, மூவாயிரம் வரும். படத்துல ஒரு சென்டிமீட்டர், தரையில முப்பது மீட்டர்."

அத்தை ஸ்கேலை வைத்தார். சமையலறை ஓரத்துக் கோட்டுக்கு மேற்கே, சரியாக ஒரு சென்டிமீட்டர் தள்ளி, இன்னொரு கோடு ஓடியது. வெட்டிக் கொடுத்த படத்தில் அது இல்லவே இல்லை.

"முப்பது மீட்டர்னா ஏறக்குறைய நாற்பது காலடி எடுத்து வைக்கணும்," என்றார் அத்தை.

தேன்காரம்மாவின் முகம் மலர்ந்தது. "அதுதான்! அதுதான் எங்க சுவர்!"

"அவசரப்படாதீங்க. கோடு ரெண்டு இருக்கு. ரெண்டுமே சுவரா இருந்தா உங்க அண்ணன் தனக்கு வசதியானதைச் சொல்வார். எது சுவர், எது வேற என்னவோன்னு தெரியணும். படத்தைக் கொஞ்சம் வெளியே எடுத்துட்டுப் போகணும் சார்."

"ஏழு கையெழுத்து வேணும்," என்றார் ஓட்டைக்காரர்.

அத்தை ஏழை மூன்றாக்கும் பேரத்தில் இறங்கினார். எனக்கு எதிரே மேஜையில் நாலு காலில் நிற்கும் ஒரு மூக்குக்கண்ணாடி இருந்தது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு கண்ணாலும் குனிந்து பார்க்கும் கருவி. சுவரில் ஒரு அட்டை தொங்கியது: 'நிழல் மடியில் விழ வேண்டும்.' ஏதோ பொன்மொழி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு படங்களை அடியில் வைத்தேன். குனிந்தேன். முதலில் இரண்டு படம். கொஞ்சம் நகர்த்தினேன். சட்டென்று இரண்டும் ஒன்றாகி, தரை உயிர் வந்த மாதிரி எழுந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தேன்.

"அத்தை," என்றேன். "சமையலறை ஓரத்துல சுவர் நிக்குது. நல்லா, திடமா நிக்குது. அந்தப் பக்கம் இருக்கிறதுதான் பள்ளம்."

தேன்காரம்மா பக்கத்து டப்பாவைப் பிடித்துக்கொண்டார். "அப்போ அண்ணன் சொன்னதுதான் நிஜமா? நான்தான் முப்பது வருஷமா தப்பா நினைச்சுட்டிருந்தேனா?"

எனக்கு என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக ஒரு விஷயத்தை நானாகக் கண்டுபிடித்திருக்கிறேன், அதுவும் நம் கட்சிக்கே எதிராக. பேச்சை மாற்றுவதற்காக, "உங்க வீடு அப்பவே பாதாளத்துலதான் இருந்துச்சாம்மா? கிணறு தூண் மாதிரி நிக்குது. தண்ணித் தொட்டி குழிக்குள்ள இருக்கு. எப்படித்தான் குடியிருந்தீங்களோ," என்றேன்.

"என்ன சொன்னீங்க?" என்றார் அத்தை.

"கிணறு தூண் மாதிரி..."

ஓட்டைக்காரர் ஸ்டூலிலிருந்து குதித்து வந்து என் கையில் ஒரு அடி போட்டார். "இடது கண்ணுக்கு வலது படம், வலது கண்ணுக்கு இடது படம் வச்சிருக்கீங்க! மாத்தி வச்சா உலகமே மாறிப் போகும். மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும்."

படங்களை இடம் மாற்றினார். நான் மறுபடி குனிந்தேன். வீடு வெளியே வந்தது. தொட்டி நிமிர்ந்தது. கிணறு அடக்கமாக உள்ளே இறங்கியது. மேற்கே இருந்த கோடு எழுந்து நின்றது. சமையலறை ஓரத்துக் கோடு பூமிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

"பள்ளம்," என்றேன். "அத்தை, இது வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம்."

"முதல்முறையா உருப்படியா ஒரு தப்பு செஞ்சிருக்கீங்க மாப்பிள்ளை," என்றார் அத்தை. அவர் அகராதியில் இது பாராட்டு.

பிறகு, பெரிதாக்கின படத்தை 207க்குப் பக்கத்தில் மேஜையில் விரித்தார். "எட்டு பத்துக்கு சூரியன் கிழக்கே. தொட்டி நிழல் மேற்கே விழுந்திருக்கு. சுவர்னா மேற்குப் பக்கம்தான் இருட்டா இருக்கணும். அந்தக் கோட்டுக்கு அப்படித்தான் இருக்கு. ஆனா இவங்க காட்டுற கோட்டுக்குக் கிழக்கு ஓரம்தான் இருட்டு. பள்ளத்துக்குத்தான் அப்படி. சூரியன் பக்கத்துக் கரை உள்ளே இருட்டடிக்கும், எதிர்க் கரையில வெயில் விழும். ஒரே சூரியன் ரெண்டு கோட்டுக்கு ரெண்டு விதமா நிழல் போடாது."

"அப்புறம் எப்படி எல்லாருக்கும் சுவரா தெரிஞ்சுது?"

"மேற்கு மேலே இருக்கிற மாதிரி பிடிச்சுக் காட்டியிருக்காங்க." ஓட்டைக்காரர் சுவரில் இருந்த அட்டையைக் காட்டினார். "வெளிச்சம் மேலேர்ந்து வருதுன்னுதான் மனுஷக் கண்ணு எப்பவும் நினைச்சுக்கும். அதனாலதான், படத்துல நிழல் பார்க்கிறவங்க மடியை நோக்கி விழணும்னு எங்க தொழில்ல சட்டம். இவங்க நிழலை எதிர்ப் பக்கம் தள்ளியிருக்காங்க."

அத்தை படத்தைத் தலைகீழாகத் திருப்பினார். கருவியும் இல்லை, கண்ணாடியும் இல்லை. என் கண்ணெதிரே அந்தச் சுவர் தரைக்குள் இறங்கிப் பள்ளமானது.

"இந்தத் துண்டை வாங்கிட்டுப் போனது யார்?"

"மூஞ்சி ஞாபகமில்லை," என்றார் ஓட்டைக்காரர். "இந்தக் கருவியில அரை மணி நேரம் குனிஞ்சு பார்த்தார். நான்தான் படத்தைச் சரியா வச்சுக் கொடுத்தேன். தலையை மறக்க மாட்டேன். ரெட்டைச் சுழி, நடுவுல சின்னத் தழும்பு."

தேன்காரம்மா வெட்டின படத்தைக் கவிழ்த்து வைத்தார். "அண்ணனுக்கு ரெட்டைச் சுழி," என்றார். "தழும்பு நான் கல்லெறிஞ்சு வந்தது."

அண்ணன் தெரியாமல் சொல்கிறான் என்றுதான் அவர் அதுவரை நினைத்திருக்கிறார். கேஸ் ஜெயித்த முகத்தை நான் நிறைய பார்த்திருக்கிறேன். இது அப்படி இல்லை.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் தேன்காரம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். சர்வேயர் தேனீக்குப் பயந்து ஜீப்புக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெந்துகொண்டிருந்தார். அண்ணன் சமையலறை ஓரமாக, சுண்ணாம்பு அடித்த குச்சிகளோடு தயாராக நின்றார். தங்கையைப் பார்க்காமல் குச்சிகளை எண்ணினார். நாலு குச்சியை எவ்வளவு நேரம்தான் எண்ண முடியும்!

"சுவர் எவ்வளவு உயரம் சார்?" என்று அத்தை சாதாரணமாகக் கேட்டார். மூன்றாவது கண்ணாடியை மாட்டியிருந்தார்.

"என் நெஞ்சு வரைக்கும்," என்றார் அண்ணன் யோசிக்காமல்.

"இப்போ நெஞ்சா, அப்போ நெஞ்சா?"

"அப்போ. எனக்குப் பதினாலு வயசு. பக்கத்துல நின்னிருக்கேனே, தெரியாதா?"

"நின்னிருக்கீங்க. அதை நான் நம்பறேன்."

மடக்கி வைக்கும் சின்னக் கருவி ஒன்றை ஓட்டைக்காரர் இரவல் தந்திருந்தார். ஐந்து கையெழுத்துக்கு. ஜீப்பின் முகப்பில் அதை விரித்து, நான் படங்களை வைத்தேன். இந்தமுறை இடது இடதுதானா என்று மூன்று தடவை பார்த்தேன். நிழல் எங்கள் மடிப் பக்கம். சர்வேயர் ஒரு கைக்குட்டையால் தலையை மூடிக்கொண்டு இறங்கி வந்து குனிந்தார். அவர் நிமிரும் வரை தேனீக்கள் மட்டுமே பேசின. அவற்றில் ஒன்று என் மூக்கில் வந்து உட்கார்ந்தது. நான் அசையவில்லை. அதற்கு அது நன்றி காட்டவில்லை.

"நெஞ்சளவுதான்," என்றார் சர்வேயர். "ஆனா மேல இல்லை சார், கீழே. இது பள்ளம்."

"பள்ளமா இருந்தா இப்போ எங்கே?" என்றார் அண்ணன். "யாருமே அப்படி ஒரு பள்ளத்தைப் பார்த்ததில்லையே!"

"உங்க நெஞ்சளவுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார் அத்தை. "உள்ளே இறங்கி நின்னவருக்குத்தான் அது தெரியும். எதுக்கு இறங்கினீங்க?"

தேன்காரம்மா அவர் முன்னால் வந்து நின்றார். சண்டைக்கு வந்த மாதிரி இல்லை.

"அண்ணா, நான் எங்கே விழுந்தேன்?"

அவர் தங்கையின் முழங்கையைப் பார்த்தார். கையிலிருந்த குச்சிகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன.

"இதுலதான்," என்றார். "தண்ணி கொண்டுவர அப்பா வெட்டினது. படம் எடுத்து ஒரு வாரத்துல நீ விழுந்தே. நான்தான் இறங்கித் தூக்கினேன். மறுநாளே அப்பா மண்ணைக் கொட்டி மூடிட்டார். உனக்கு ஞாபகமில்லைன்னு தெரிஞ்சு... பலகை வைக்க இடமில்லை பாப்பா. புத்தி கெட்டுப் போச்சு."

'பாப்பா' என்று கேட்டதும் தேன்காரம்மா அழுதார். முப்பது வருடத்துக்கு முன் அழாமல் விட்டதையும் சேர்த்து அழுதார் என்று எனக்குத் தோன்றியது.

சர்வேயருக்குத் தேனீயிடமிருந்து தப்பித்தால் போதும் என்றிருந்தது. "சரி சரி, சுவர் இருந்த இடத்தைக் குறிக்கணும். டேப்பை ரெண்டு பேர் பிடிங்க," என்றார்.

ஒரு நுனியைத் தங்கை சமையலறை ஓரத்தில் பிடித்தார். மறு நுனியோடு அண்ணன் மேற்கே நடந்தார். பெட்டிகளைத் தாண்டி, எதையும் உரசாமல் நடந்து ஓரிடத்தில் நின்றார். அது எந்த இடம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. செருப்புக் காலால் புல்லை விலக்கினார். அடியில் அஸ்திவாரச் செங்கல் சிவப்பாகத் தெரிந்தது.

"முப்பது மீட்டர்," என்று படித்தார் சர்வேயர். "அம்மா, டேப் தொங்குது பாருங்க. கையை நல்லா நீட்டி இழுத்துப் பிடிங்க!"

தங்கை முயன்றார்.

"அவ கை அவ்வளவுதான் சார் நீளும்," என்று அங்கிருந்து கத்தினார் அண்ணன். "அவளை விடுங்க. நான் இழுத்துக்கறேன்."

அத்தை மூன்றாவது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தூசி, மாப்பிள்ளை," என்றார். என் கண்ணிலும் தண்ணீர் நின்றது. நல்லவேளை, என் மூக்கில் தேனீ கொட்டியிருந்தது.